ஐப்பசி மழைக்கு முன்னாடி ஓர் ஊசி... ஃப்ளூ தடுப்பூசி யாருக்கு, எப்போது?

மழைக்காலம் வந்துவிட்டால் காலடிப்பேட்டையில் ஒரு வீட்டு இருமல் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். 'சாதா ஜுரம்தான்... ஒரு மாத்திரை போட்டா போயிடும்' என்று துறைமுகத்துக்கோ, மணலி கம்பெனிக்கோ ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிவிடுவோம். லீவு போட்டா அன்னைக்கு சம்பளம் போச்சே! ஆனால், அந்தக் காய்ச்சல் உங்களோடு நிற்காது. வீட்டில் வீசிங் இருக்கும் அம்மாவுக்கும் கைக்குழந்தைக்கும் போய்ச் சேரும். உங்களை நாலு நாள் படுக்கவைப்பது, அவர்களை ஐ.சி.யூ வரை கொண்டுபோகலாம்.

சளி வேற, ஃப்ளூ வேற!

சாதாரண சளி மெதுவாக வரும். மூக்கு ஒழுகும், தொண்டை கரகரக்கும், தானே போய்விடும். இன்ஃப்ளூயன்சா வைரஸால் வரும் ஃப்ளூ, காலையில் நன்றாக இருந்தவரை சாயங்காலமே சாய்த்துவிடும். திடீர்க் காய்ச்சல், அடித்துப்போட்டது மாதிரி உடம்புவலி, தலைவலி, வறட்டு இருமல்... டெங்குவும் இதே மாதிரி ஆரம்பிக்கலாம் என்பதால், நீங்களே முடிவுசெய்யாமல் டாக்டரைப் பாருங்கள்.

ஃப்ளூவை லேசாக நினைக்க முடியாது. 1918-ல் கப்பல் வழியாக பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கி, ரயிலேறிப் பரவிய ஃப்ளூ, இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் உயிரைப் பறித்தது. 2023 மார்ச்சில் ஹெச்3என்2 வகை பரவியபோது, தமிழக அரசு ஒரே நாளில் 1,000 இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தியது.

எப்போது போடணும்?

டெல்லியில் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஃப்ளூ அதிகம். சென்னையில் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில்தான் உச்சம். ஊசி போட்டு எதிர்ப்பாற்றல் உருவாக சுமார் இரண்டு வாரங்கள் ஆகும். அதனால், நமக்கு ஆகஸ்ட், செப்டம்பர்தான் சரியான நேரம். விட்டுப்போச்சா? மழைக்கு நடுவிலும் போட்டுக்கொள்ளலாம்.

'போன வருஷம்தான் போட்டேனே?'

இந்த வைரஸ் அடிக்கடி உருமாறும். அதற்கேற்ப தடுப்பூசியில் எந்த வகைகளைச் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை பரிந்துரைக்கிறது. போட்ட ஊசியின் பலனும் மாதங்கள் செல்லச் செல்லக் குறையும். ஆகவே, வருஷா வருஷம் போடணும்.

ஊசி போட்டா காய்ச்சல் வருமா?

ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ். அதனால் ஃப்ளூ வராது. கை வலி, ஓரிரு நாள் லேசான காய்ச்சல் வரலாம். அதேநேரம், இது நூற்றுக்கு நூறு பாதுகாப்பும் இல்லை. வைரஸோடு நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில், டாக்டரிடம் போகும் அளவுக்கான ஃப்ளூவை 40 முதல் 60 சதவிகிதம் குறைக்கும். மீறி வந்தாலும் தீவிரமாவதைத் தடுக்க உதவும்.

யாருக்கு முதலில்?

முதியவர்கள், கர்ப்பிணிகள், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகள், சர்க்கரை, இதய, சிறுநீரக நோயாளிகள். புகையும் தூசியும் பழகிப்போன நம் பகுதியில் ஆஸ்துமா உள்ளவர்கள் கட்டாயம் டாக்டரிடம் கேளுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு ஊசி போட முடியாது. சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொள்வதுதான் அதற்குக் கவசம். ஒன்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதல்முறை என்றால், நாலு வார இடைவெளியில் இரண்டு டோஸ். தனியாரில் காசு கொடுத்துதான் போடணும் என்பதால், விலையை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் போட வசதியில்லையா? வீட்டில் பலவீனமானவருக்கு முதலில் போடுங்கள்.

வந்துட்டா?

வீட்டில் மாஸ்க் போடுங்கள், ஜன்னலைத் திறந்துவையுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மாத்திரை இல்லாமலே காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆகும்வரை வேலைக்கோ, ஸ்கூலுக்கோ போக வேண்டாம். மெடிக்கலில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். அது வைரஸை ஒன்றும் செய்யாது. ஃப்ளூவுக்கான ஓசெல்டமிவிர் மாத்திரையை டாக்டர் பரிந்துரைத்தால், முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்ல பலன் தரும்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, உதடு நீலமாவது, குழந்தை சோர்ந்து கிடப்பது, விட்ட காய்ச்சல் மறுபடி ஏறுவது... இதில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்காமல், 108-ஐ அழையுங்கள்.