ஈட்டியோடு திரும்பிய நாரை

செங்கால் நாரையைத் தூது விட்ட சத்திமுத்தப் புலவரின் பாடலைப் பாடசாலையிற் படித்திருப்போம். நாரை தெற்கே குமரிவரை வந்து வடக்கே திரும்பும் என்பதை அப்புலவர் அறிந்திருந்தார். ஆனால் அதே இன நாரை வீட்டுக் கூரைகளிற் கூடு கட்டும் ஐரோப்பாவில், குளிர்காலத்தில் அது எங்கே போகிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது.

தகைவிலான் குருவியைப் பற்றிய குழப்பம் இன்னும் பெரியது. மாரியில் எமது மின்கம்பிகளில் வரிசையாக வந்து குந்துகிறதே, அதே குருவிதான். கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே பெருங்கொக்குகள் தூரதேசம் செல்வதைச் சரியாக எழுதினார். தகைவிலான்களிற் பலவோ இறகுதிர்த்துப் பொந்துகளில் ஒளிந்து கிடக்கும் என்றார். பெரியவர் சொன்னதாயிற்றே, அந்த எண்ணம் 2,000 ஆண்டுகள் நிலைத்தது. 1555இல் சுவீடன் நாட்டுப் பேராயர் ஒலாவுஸ் மக்னுஸ் ஒருபடி மேலே போய், அவை ஒன்றோடொன்று பிணைந்து நீரடியில் உறங்குகின்றன, மீனவர் வலையிலும் அகப்படுகின்றன என்று எழுதினார். பேராயரைப் பார்த்துச் சிரிப்பது எளிது. ஆனால் இலையுதிர்கால மாலைகளில் இக்குருவிகள் நீரோரத்து நாணற் புதர்களில் ஆயிரக்கணக்கில் வந்தடைவதும், பின் ஒருநாள் ஒன்றுகூட இல்லாமற் போவதும் மெய்யே. கண்டது சரி, விளக்கந்தான் பிழை. 17ஆம் நூற்றாண்டில் சார்ள்ஸ் மோட்டன் என்ற ஆங்கிலேயப் போதகர் பறவைகள் சந்திரனுக்கே போகின்றன என்றார்!

1822இல் ஜேர்மனியின் குளூட்ஸ் என்ற ஊருக்கருகே ஒரு நாரை சுடப்பட்டது. அதன் கழுத்தை ஊடறுத்தபடி சுமார் 80 சென்ரிமீற்றர் நீளமான ஈட்டி ஒன்று இருந்தது. அது ஆபிரிக்காவில் செய்யப்பட்ட ஈட்டி. குத்துப்பட்ட பின்னும் பறவை அவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கிறது. றொஸ்ரொக் பல்கலைக்கழகத்தில் அதைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். ஐரோப்பியர் நாரைகள் போவதைக் கண்டனர், ஆபிரிக்கக் கிராமத்தவர் அவை வருவதைக் கண்டனர். பாதி உண்மை இங்கே, பாதி அங்கே. ஈட்டி எறிந்தவனின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

ஈட்டி தற்செயலாக வந்தது. அதையே ஒழுங்கான முறையாக்கியவர் டென்மார்க்கின் வீபோர்க் நகரப் பாடசாலை ஆசிரியர் ஹான்ஸ் கிறிஸ்ரியான் மோட்டன்சன். முதலில் நாக வளையங்களைப் பூட்டிப் பார்த்தார், பாரம் கூடிவிட்டது. 1899இல் எண்ணும் ஊர்ப்பெயரும் பொறித்த அலுமினிய வளையங்களை, மைனா இனத்தைச் சேர்ந்த 165 பறவைகளின் கால்களில் மாட்டிப் பறக்க விட்டார். இந்த முறையில் ஆராய்ச்சியாளர் பாதி வேலையைத்தான் செய்யமுடியும். எங்கோ ஒருவர் வளையத்தைக் கண்டெடுத்து, சிரமம் பாராமற் கடிதம் எழுதவேண்டும். 1911 மே மாதம் இங்கிலாந்தில் வளையமிட்ட தகைவிலான் ஒன்று 1912 டிசம்பரில் தென்னாபிரிக்காவின் நேற்றால் பகுதியில், ஒரு பண்ணைவீட்டிற் பிடிபட்டது. இடைத்தூரம் 9,000 கிலோமீற்றருக்கு மேல். குருவியின் எடையோ சுமார் 20 கிராம். பொந்து, குளம், சந்திரன் எல்லாக் கதைகளுக்கும் அந்தப் பண்ணையிலிருந்து போன கடிதம் பதிலாயிற்று.

இன்று பெரிய பறவைகளின் முதுகிற் செய்மதிக் கருவி பூட்டி அவற்றின் வழியை நாள்தோறும் பின்தொடர்கிறார்கள். சிறு குருவிகளுக்கு வளையம் இன்னமும் வழக்கில் உண்டு. வயலிலோ கரையோரத்திலோ செத்துக் கிடக்கும் பறவையின் காலில் வளையத்தைக் கண்டால், அதிலுள்ள எண்ணையும் முகவரியையும் ஓர் எழுத்தும் விடாமற் குறித்து, கண்ட இடத்தையும் திகதியையும் சேர்த்து அந்த முகவரிக்கு எழுதிவிடுங்கள்.