கலனும் லீற்றரும்: வாகனக் கணக்கு

சாமான் ஏற்ற லொறி பிடிக்கிறோம். "கலனுக்கு 20 மைல் ஓடும்" என்கிறார் பழைய சாரதி. டீசலையோ லீற்றரில் வாங்குகிறோம். கணக்குத் தெரியாவிட்டால் கேட்ட காசைக் கொடுக்க வேண்டியதுதான்.

ஒரு மைல் 1.609 கிலோமீற்றர். நம்மிடையே வழங்கிய பிரித்தானியக் கலன் 4.546 லீற்றர். ஆகவே மைல் தொகையை 35ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால், லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பது ஏறக்குறைய வரும். 20ஐ 35ஆல் பெருக்க 700. 100ஆல் வகுக்க 7. போய்வர 70 கிலோமீற்றர் என்றால் 10 லீற்றர்.

சில கையேடுகள் 100 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று கூறும். 100ஐ 7ஆல் வகுக்க, சுமார் 14 லீற்றர். இம்முறையில் தொகை குறைந்தால்தான் சிக்கனம்.

பாரம் கூடினாலும், பாதை பழுதென்றாலும் செலவு சற்றுக் கூடும். அதற்கும் இடம்விட்டு, ஏறுமுன்னரே கூலியைப் பேசி முடிப்போம்.