பாரதக் கதையும் புதுக் கவியும்

பழைய இதிகாசங்களைப் புதிய கவிகள் மீண்டும் பாடுவது அவசியந்தானா என்று சிலர் ஆட்சேபிக்கின்றனர். வியாஸ பாரதம் இருக்கிறது. வில்லிபுத்தூரார் பாடிய தமிழ்ப் பாரதமும் இருக்கிறது. கதையோ கூத்துமேடை வாயிலாக நாடறிந்தது. இனிப் பாடுவதற்கு என்ன மிச்சம் என்பது அவர்கள் கேள்வி. ஸ்ரீ சுப்பிரமணிய பாரதியாரின் 'பாஞ்சாலி சபத'மே இதற்குப் போதிய விடையென்பது நமது அபிப்பிராயம்.

பிரிட்டிஷ் அதிகாரத்துக்கு எட்டாத புதுச்சேரியில் இருந்த காலத்தில் பாரதியார் இக்காவியத்தை இயற்றினார். முதற் பாகம் 1912-ல் வெளிவந்தது. இரண்டாம் பாகத்தை அச்சில் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1921-ல் அவர் காலமானபின், 1924-ல்தான் அது வெளியாயிற்று.

கதைப் போக்கில் அவர் வியாஸரையே பெரிதும் பின்பற்றினார். ஆயினும் நடை புதிது. விருத்தப்பாவில் கம்பீரமாக நடந்த கதையைச் சாமானிய ஜனங்களும் பாடத்தக்க சிந்து முதலிய மெட்டுக்களில் அமைத்தார். அஸ்தினாபுரத்துக்குச் செல்லும் வழியில் அர்ஜுனன் பாஞ்சாலிக்கு மாலைச் சூரியனைக் காட்டும் இடம் ஒன்றுண்டு. சபதத்தைக் காணும் அவசரத்தில் இதைத் தாண்டிச் செல்வோர் காவியச் சுவையில் பாதியை இழப்பர். அந்த அமைதியை அநுபவித்தவனுக்கே பின்னர் வரும் அநீதியின் கொடுமை முழுதும் விளங்கும்.

தருமன் நாட்டைப் பணயம் வைக்குங்கால், கவி கதையை நிறுத்தித் தம் குரலிலேயே அவனைக் கண்டிக்கிறார். தருமனென்று தயை காட்டவில்லை. பாஞ்சாலியைத் துச்சாதனன் தெருவழியே இழுத்துச் செல்லும்போது, கண்ணீர் விட்டுக்கொண்டு வாளா நின்ற ஊராரையும் அவர் விடவில்லை. துரியோதனனைப் பழிப்பது எவருக்கும் எளிது. நல்லவனுடைய தவற்றையும், பார்த்து நின்றவர்களின் கோழைத்தனத்தையும் பழிப்பதற்கே துணிவு வேண்டும். இதுவே புதுக் கவி பழங்கதைக்குச் செய்த உபகாரம்.

1947-க்கு முன்னர் இதனைப் படித்த தேசபக்தர்கள் பாஞ்சாலியிடத்தில் பாரத மாதாவைக் கண்டனர். அது மிகவும் பொருத்தமே. ஆனால் அந்நிய ஆட்சி நீங்கியதோடு காவியத்தின் பயனும் தீர்ந்ததென்று கருதுவது பெரும் பிழை. பொதுச் சொத்தைத் தன் சொத்தாக எண்ணும் தலைவனும், சபையில் நியாயம் அறிந்தும் வாய் திறவாத பெரியோரும், தெருவில் அழுது கலையும் கூட்டமும் சுயராஜ்யத்திலும் உண்டு. அவர்களுள் நாம் எவர் என்று இக்காவியம் நம்மையே கேட்கிறது.

யுத்தத்தைப் பாடாமல், சபதத்தோடு காவியம் முடிகிறது. ஆகையால், மேடையில் இரண்டொரு வரிகளை முழங்குவதோடு திருப்தியடையாமல், ஐந்து சருக்கங்களையும் வாய்விட்டுப் பாடிப் படிக்குமாறு நமது ஊழியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். வில்லிபாரதத்தையும் உடன் வைத்துப் படிப்பின் இன்னும் நலம். பழமையின் பெருமையும் புதுமையின் துணிவும் ஒருங்கே புலப்படும்.