உடம்பு பிடித்தல்: வகையும் பயனும்

நோவு கண்ட இடத்தை நாடிக் கை செல்வது மனித இயல்பு. தலையிடித்தால் நெற்றியை அழுத்துகின்றோம். காலில் அடிபட்டால் அவ்விடத்தைத் தடவுகின்றோம். இவ்வியல்பை நெறிப்படுத்தி, எவ்விடத்தில், எவ்வளவு விசையோடு, எத்துணை நேரம் கையை இயக்குதல் வேண்டும் என்று முன்னோர் வகுத்தபொழுது அஃது ஒரு வைத்திய முறையாயிற்று. உடம்பு பிடித்தல் என்று நாம் சொல்வதும், மசாஜ் என்று இக்காலத்தார் வழங்குவதும் இதுவே. இதன் வகைகள் பல. ஆயினும் அவை யாவற்றுக்கும் பொதுவான உண்மை ஒன்றுண்டு: நோயைத் தணிப்பது கையின் வலிமையன்று, கையின் அறிவே.

முதற்கண் நமது சித்த வைத்தியத்தைப் பார்ப்போம். அதில் இம்முறைக்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அஃது ஒன்பது வகைப்படும். எண்ணெயிட்டுச் செய்வதும் உண்டு. எண்ணெயின்றிச் செய்வதும் உண்டு. ஒன்பது பெயர்களையும் உற்று நோக்குவோர்க்கு ஒன்று விளங்கும். நாம் பொதுவாகத் 'தேய்த்தல்' என்னும் ஒரு சொல்லால் குறிப்பதை அவர்கள் ஒன்பது வெவ்வேறு செயல்களாகப் பிரித்தறிந்தனர். இறுகிய தசைக்கு ஏற்றது வேறு. அசைவு குன்றிய மூட்டுக்கு ஏற்றது வேறு.

ஆயுள்வேதத்தில் எண்ணெய் தேய்த்தலை அப்பியங்கம் என்பர். அதனை நோயாளிக்கு மட்டுமன்றி, நோயற்றவனுக்கும் நாளொழுக்கத்தில் ஒன்றாக அந்நூலார் விதித்தனர். எனினும் விதித்த அளவில் நின்றாரல்லர். கபம் மிகுந்தபோதும் அசீரணம் உள்ளபோதும் அஃது ஆகாது என்று வாக்படரின் அட்டாங்க இருதயம் விலக்கியுமிருக்கின்றது. செய்க என்பதோடு செய்யற்க என்பதையும் சேர்த்துச் சொல்வதே நல்ல வைத்திய நூலின் இலக்கணம்.

இனி ஐரோப்பாவுக்குச் செல்வோம். அங்கு பெருவழக்கிலுள்ள முறையைச் 'சுவீடிஷ் மசாஜ்' என்பர். 1813 ஆம் ஆண்டில் ஸ்டொக்ஹோம் நகரில் உடற்பயிற்சிக் கல்லூரி நிறுவிய பேர் ஹென்றிக் லிங் என்பாரையே இதன் தந்தையாகப் பலர் கொள்வர். ஆனால் நீவுதல், பிசைதல், உரசுதல், தட்டுதல் என இன்று கற்பிக்கப்படும் செயல்களை வரிசைப்படுத்திப் பரப்பிய பெருமை, ஒல்லாந்து தேசத்து வைத்தியர் யோஹான் மெஸ்கருக்கு உரியதென ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். நீவும்போது கை இதயத்தை நோக்கியே செல்ல வேண்டும் என்பது இம்முறையின் விதி; நாளங்களில் குருதி இதயத்துக்கு மீளும் திசை அதுவன்றோ?

இவற்றினும் மென்மையான முறை ஒன்றை டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வொடர் தம்பதியர் 1930 களில் உருவாக்கினர். தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும் நிணநீரை மெல்லெனத் தள்ளிவிடுவது அது. மார்புப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையின் பின் கை வீங்கி வருந்தும் பெண்களுக்கு, அழுத்தக் கட்டுகளோடும் பயிற்சியோடும் சேர்த்து இன்றும் இதனைக் கையாள்கின்றனர். இங்கு கையின் விசை கூடினால் பயன் கெடும்.

கீழைத் தேசங்களில் யப்பானின் சியாற்சு குறிப்பிடத்தக்கது. அப்பெயரின் பொருள் விரலழுத்தம் என்பதே. அங்கு இதற்கு முற்பட்ட முறை அன்மா எனப்படும். 17 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுகியாமா வாயிச்சி என்னும் பார்வையற்ற வைத்தியர், பார்வையற்றோர் இத்தகைய வைத்தியங்களைக் கற்றுப் பிழைக்கப் பாடசாலைகள் அமைத்தார். விரல் நுனியே கண்ணாகும் தொழில் இது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. தாய்லாந்து முறையிலோ அழுத்தலுடன் கைகால்களை நீட்டி மடக்குதலும் சேரும். பாங்கொக்கிலுள்ள வாட் போ விகாரையில் 19 ஆம் நூற்றாண்டில் மூன்றாம் இராமா மன்னர் இதனைக் கல்லிற் பொறித்து வைத்தார். 2019 இல் யுனெஸ்கோ நிறுவனம் இக்கலையை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பதிந்தது.

இவற்றால் விளையும் பயன் யாது? இறுகிய தசை தளர்கின்றது. மனக் கலக்கம் குறைகின்றது. நாரிப் பிடிப்பு முதலிய நோவுகள் சிறிது காலத்துக்கேனும் தணிகின்றன. குறைமாதத்திற் பிறந்த குழந்தைகளை மென்மையாகத் தடவிக் கைகால்களை அசைத்து வந்தபோது, அவ்வாறு செய்யப்படாத குழந்தைகளினும் விரைவாக நிறை கூடியதை அமெரிக்காவின் மயாமி நகரில் நிகழ்ந்த ஓர் ஆய்வு 1986 இல் எடுத்துக்காட்டியது. ஆனால் உடலிலுள்ள நஞ்சை வெளியேற்றும், எந்நோயையும் வேரறுக்கும் என்று விளம்பரஞ் செய்வோர் கூற்றுக்கு ஆதாரமில்லை.

இனி, மிக முக்கியமாகச் சொல்ல வேண்டியது கை வைக்கலாகாத இடங்களைப் பற்றியதாகும். விளையாட்டுத் திடலில் ஒரு பிள்ளை விழுந்து கணுக்கால் வீங்கினால், சூழ நிற்போர் உடனே எண்ணெயிட்டு உருவி இழுக்க முற்படுவர். உள்ளே என்பு முறிந்திருக்குமாயின் அவ்விழுப்பினால் முறிவு விலகும். வெறுஞ் சுளுக்காயினும் வீக்கம் பெருகும். அப்போது செய்யத்தக்கது காலை உயர்த்தி வைத்து, குளிர்ந்த ஒத்தடம் இட்டு, எக்ஸ்றே எடுத்துப் பார்ப்பதே.

அதனினும் கொடியது இது. நெடுநாட் படுக்கையில் இருந்தவருக்கும், பிள்ளை பெற்ற தாய்க்கும் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடேறி நோவதுண்டு. ஆழ்ந்த நாளத்தில் குருதி கட்டிப்பட்டமையே அதற்குக் காரணமாகலாம். பிடிப்பென்று கருதி அதனைப் பிசைந்தால் அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிரையே மாய்த்துவிடும். அன்பினாற் செய்த செயல் கொலையாய் முடிவதைப் போன்ற துயரம் வேறில்லை. அவ்வாறே குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கினுள் எண்ணெய் விடுதலும் கூடாது. அது நுரையீரலிற் புகுந்து நோய் விளைக்கும். காய்ச்சல், தோற் புண், என்புத் தேய்வு உள்ளோரும், குருதி உறையாதிருக்க மருந்து உட்கொள்வோரும் வைத்தியரைக் கேளாது இதனை மேற்கொள்ளலாகாது.

நம் நாட்டில் 1961 ஆம் ஆண்டின் ஆயுள்வேதச் சட்டத்தின்கீழ்ச் சித்த வைத்தியரும் பதிவு பெறுகின்றனர். ஆஸ்பத்திரிகளில் இயன்மருத்துவப் பயிற்சி பெற்றோரும் உளர். ஆதலின் கற்றவர் கையை நாடுதல் அரிதன்று. வீட்டிலே முதியவரின் களைத்த கால்களை மெல்லப் பிடித்துவிடுதல் நல்ல வழக்கம், அது தொடர்க. ஆயின் பிடிப்பதற்கு முன்னர், 'எப்போது தொடங்கியது? அடிபட்டதா? வீக்கம் உண்டா? ஒரு காலிலா, இரு கால்களிலுமா?' என்னும் நான்கு வினாக்களையேனும் கேளுங்கள். விடையில் ஐயம் தோன்றினால் கையை எடுத்துவிட்டு வைத்தியரை அழையுங்கள்.