சாயத் தண்ணியில போன உப்பு திரும்பி வந்தது எப்படி?

சர்க்குலர் எகானமின்னா ஏதோ புது ஸ்டார்ட்அப் சமாச்சாரம்னு நினைக்கிறோம். திருப்பூர்ல நூத்துக்கணக்கான சாயப்பட்டறைகள் அதைப் பல வருஷமா செஞ்சுட்டு வருது. சின்னத் தொழில்கள் எதனால மாறும்னு தெரிஞ்சுக்க, அந்தக் கதையைப் பார்ப்போம்.

பருத்தித் துணியில சாயம் ஏற, தண்ணியில நிறைய உப்பு போடணும். சாயத்துல பெரும்பகுதி துணியில ஒட்டிக்கும். உப்பு ஒட்டாது, கழிவோட வெளியே போயிடும். சாதாரண சுத்திகரிப்பு நிறத்தைக் குறைக்கும், உப்பை எடுக்காது. அப்படித்தான் நொய்யல் கெட்டுப்போச்சு. பாசனத்துக்காகக் கட்டின ஒரத்துப்பாளையம் அணையில சாயக்கழிவு தேங்குச்சு. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனாங்க. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவு போட்டது. திரும்பத் திறக்கணும்னா, கழிவு ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது.

வழி என்னன்னா, ஆர்.ஓ. வச்சு நல்ல தண்ணியைப் பிரிச்சு பட்டறைக்கே அனுப்புறது. மிஞ்சுற உப்புத் தண்ணியைக் காய்ச்சி, உப்பையும் திரும்ப எடுக்குறது.

இதுக்கு மூணு விஷயம் உதவுச்சு.

ஒண்ணு, பங்கு. இவ்வளவு மெஷினைச் சின்னப் பட்டறை தனியா வாங்க முடியாது. அதனால பல பட்டறைகள் சேர்ந்து பொது சுத்திகரிப்பு நிலையம் நடத்துறாங்க. நாம சொந்தமா சர்வர் வாங்காம க்ளவுட்ல வாடகைக்கு எடுக்குற மாதிரி. அரசும் வட்டியில்லாக் கடன் கொடுத்துச்சு.

ரெண்டு, ஒரே பொருள். ஒருத்தர் சாதா உப்பு, இன்னொருத்தர் சோடியம் சல்பேட்னு போட்டா, ரெண்டும் கலந்து எதுக்கும் உதவாது. எல்லாரும் சல்பேட்டுக்கு மாறினா, எடுத்த உப்பை மறுபடி சாயத்துக்கே போடலாம்.

மூணு, எல்லாருக்கும் ஒரே விதி. இது ரொம்ப முக்கியம். சுத்திகரிக்க கரன்ட்டும் விறகும் நிறைய செலவாகும். ஒருத்தர் மட்டும் ராத்திரியில திறந்துவிட்டா, அவர் ரேட் குறையும். ஆர்டர் அவருக்குப் போகும், ஒழுங்கா செய்றவர் நஷ்டப்படுவார்.

எல்லாம் தீர்ந்துடல. கலந்துபோன உப்பு இன்னும் பிரச்சினைதான். இன்னொண்ணு, சுத்தமா செய்யச் சொல்ற பிராண்டே, துணி வாங்கும்போது விலையைக் குறைக்கச் சொன்னா, அந்தச் செலவு சாயப்பட்டறைக்காரர் தலையிலதான் விழும்.

அதனால, சின்னத் தொழில்களுக்கு விழிப்புணர்வு வகுப்பு எடுக்குறதுக்கு முன்னாடி நாம கேக்க வேண்டியது: மெஷினை யாரோட பங்கு போடலாம்? திரும்பக் கிடைக்கிற பொருளை யார் வாங்குவாங்க? ஏமாத்துறவரை யார் தடுப்பாங்க?