கதவில் விழுந்த கீறல்

வீட்டுப் பிக்அப்பில் கீறல் விழுந்தால், 'அது ஆண்கள் பாடு' என்று விட்டுவிடாதீர்கள். பிலிமத்தலாவை மழைக்குத் தகரம் தெரிந்த இடம் சீக்கிரமே கறள் பிடிக்கும். 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி முடங்கிக் கிடந்தபோதுதான் பழையதைக் காப்பதன் அருமை பலருக்கும் விளங்கியது.

நிற எண் வாகனத்தின் தகட்டிலேயே இருக்கும். டொயோட்டாவில் 'சீ/டீஆர்' என்பதற்கு நேரே பாருங்கள். 040 என்றால் வெள்ளை. எண் சரியானாலும் நிறம் பொருந்தாமல் போகலாம். பழைய பூச்சு வெயிலில் மங்கியிருக்குமே! சாரிக்குச் சட்டைத்துணி எடுக்கும்போது கடைவாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்ப்பீர்கள் அல்லவா, அதே வேலைதான். ஓர் அட்டையில் பூசி, நன்றாகக் காயவிட்டு, பகலில் கதவோடு சேர்த்துப் பாருங்கள். ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்பக் கூடாது.

பிறகு கீறலைக் கழுவி உலர்த்தி, கறளை மெல்லிய சேன்ட் பேப்பரால் தேய்த்தெடுத்து, முதலில் பிரைமர் பூச வேண்டும். அதன்மேல் சிறு தூரிகையால் மெல்லிதாக ஒரு பூச்சு, காய்ந்தபின் இன்னொன்று. ஒரேயடியாக அப்பினால் வழிந்துவிடும்.

விற்க நேர்ந்தால் பூசிய இடத்தை வாங்குபவருக்குக் காட்டிவிடுங்கள். குறையை மறைத்து விற்பது நமக்கு ஆகுமானதல்ல.

அகலமான சிராய்ப்பென்றால் கராஜுக்கே விடுங்கள். தூரிகை வேலை அங்கே திட்டுத்திட்டாகத் தெரியும்.