புதுவையில் வியட்நாம் உணவு

புதுவை உணவுச்சாலைகள் சிலவற்றில் 'நெம்' என்னும் பண்டம் கிடைக்கும். மெல்லிய அரிசித்தாளில் கொத்திய இறைச்சியும் கண்ணாடிச் சேமியாவும் காய்த்துருவலும் பொதிந்து, சுருட்டி, எண்ணெயிற் பொரித்தெடுப்பர். புதினாத் தழையுடன், உப்பிட்டுப் புளிக்கவைத்த மீனின் சாற்றில் தோய்த்து உண்பர். இதனைச் சீனப் பண்டமென்பாரும் உளர். அன்று, இது வியட்நாமினின்று வந்தது.

கடல் கடந்த உணவு இங்கு வந்தது எங்ஙனம்? இந்தோசீனா பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காலத்து, புதுவைத் தமிழர் பலர் அரசு அலுவலராகவும் படைவீரராகவும் சைகோன் நகர் சென்றனர். 1881ஆம் ஆண்டுச் சட்டப்படி தம் குலவழக்கைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றோர் அவருட் பலர். சிலர் அந்நாட்டு மகளிரை மணந்தனர். 1954இல் பிரெஞ்சு ஆட்சி அங்கு முடிவுற்ற பின்னரும், 1975இல் சைகோன் வீழ்ந்தபோதும் இக்குடும்பங்கள் பல புதுவைக்குத் திரும்பின. தமிழ் கற்ற அம்மகளிர் தாய்நாட்டுச் சமையலை மறந்திலர். வீட்டு அடுப்பில் விளைந்ததே பின்னர்க் கடைக்கும் வந்தது.

இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் பலர் வியட்நாம் மொழியை அறியார், உணவே எஞ்சியுள்ளது. ஆதலின், விலை கொடுத்து உண்பதோடு அமையாது, முதிய மகளிரிடம் செய்முறையைக் கேட்டு எழுதி வைத்தல் நம் கடன். ஓதுவாரற்ற நூல் மறைவதுபோலச் சமைப்பாரற்ற உணவும் மறையுமன்றோ?